முப்பத்திரண்டாம் நம்பர் கொனெக்சினும் எங்கள் வீட்டுக் கல்யாணமும்

1

நான் ஜேர்மனிக்கு வந்து இறங்கிய நாளை என் மனைவி சுகந்தி ஆண்டுதோறும் கொண்டாடுவாள். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பானை சர்க்கரைப் புக்கை, அதாவது சர்க்கரைப் பொங்கல், செய்து, அதில் ஒரு கிண்ணம் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஜேர்மன் அம்மையாருக்குக் கொடுப்பாள். இந்த முறை கிண்ணத்தைக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வந்தது. படிகளில் ஒழுங்காகத்தான் இறங்கினேன். படி முடிந்து, சமதரையில், ஒரு துரும்பும் கிடக்காத இடத்தில் குப்புற விழுந்தேன். புக்கை அம்மையாரின் கதவில் போய் ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்தவர் கீழே கிடந்த என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது உங்கள் சமயச் சடங்கா என்று மரியாதையாகக் கேட்டார்.

மகள் அபிராமி மேலேயிருந்து ஓடிவந்து தூக்கினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. தமிழை ஜேர்மன் மொழிக்கு ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்கிற பிள்ளை. இந்த வருடத்தில் நான் விழுவது இது முதல் தடவை அல்ல என்றும், என் நடையே பிழை என்றும், குதிரை அணிவகுப்பில் வருவது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறேன் என்றும் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. அது எங்கள் வீட்டு நடை. அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா, அப்படித்தான் நடந்தார். முழங்காலை உயர்த்தி, பாதத்தைத் தொங்கவிட்டு, பிறகு பட்டென்று நிலத்தில் போடுவார். எங்கள் ஊர் அக்கராயனில் அதை யாரும் நோயென்று பார்க்கவில்லை. உழுத வயலின் சேற்றுக்குள் எல்லோரும் அப்படித்தானே நடக்கிறார்கள்? சேற்றில் மாமாவுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே தெரியாது. தார் வீதியில் ஏறினால்தான் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தார் வீதியைத் தேடித்தான் போகவேண்டும்.

சண்டை முடிந்த பிறகு மாமாவின் காலைப் பார்த்து ஆமிக்காரர் நெடுநேரம் விசாரித்தார்கள். எங்கே காயப்பட்டாய், எந்தச் சண்டையில் என்று கேட்டார்கள். பிறக்கும்போதே இப்படித்தான் என்று மாமா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. வன்னியில் ஒருவன் நொண்டினால் அதற்குக் குண்டைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்று நினைக்க அப்போது யாருக்கும் நேரமிருக்கவில்லை.

2

நான் ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை செய்கிறேன். மூன்று மாடி, மாடிக்கு இரண்டு நீண்ட நடைவழி. மகளின் வற்புறுத்தலில் போனபோது, குடும்ப வைத்தியர் என்னைப் பார்த்தவுடன் முதலில் கேட்டது என் 'காங்' எப்படி இருக்கிறது என்று. ஜேர்மன் மொழியில் காங் என்றால் நடைவழி. என் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்ற மகிழ்ச்சியில், மிகவும் சுத்தமாக இருக்கிறது, காலையும் மாலையும் ஈரத்துணியால் துடைக்கிறேன் என்றேன். அவர் என் கோப்பில் ஏதோ எழுதினார். காங் என்றால் ஒருவருடைய நடையும்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகு மகன் மதுசன் விளக்கினான். கால்களைக் காலையும் மாலையும் ஈரத்துணியால் துடைக்கும் மனிதன் என்று அந்தக் கோப்பில் இன்றைக்கும் இருக்கக்கூடும்.

அங்கிருந்து நரம்பு வைத்தியரிடம் அனுப்பினார்கள். காலில் சின்னச் சின்ன மின்சார அடி கொடுத்து, செய்தி எவ்வளவு விரைவாகப் போகிறது என்று அளந்தார்கள். மெதுவாகப் போனதாம். பெற்றோர் உறவினரா என்று வைத்தியர் கேட்டார். மச்சான் மச்சாள்தான் என்றேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பேனா விரைந்து ஓடியது.

முக்கியமான விடயம் என்பதால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. செய்தி வாசிப்பவர் போலச் சுத்தமான தமிழ். வைத்தியர் நீளமாக ஏதோ சொல்ல, அவர் சுருக்கமாக, "ஐயா, உங்களுக்குப் பரம்பரையாக நரம்புத் தளர்ச்சி இருக்கலாம் என்று சொல்கிறார்" என்றார்.

நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லைப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில், எந்த லேகியத்தின் விளம்பரத்தில் பார்ப்போம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சற்று உரக்கவே சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். வைத்தியர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

3

இரத்தம் எடுத்து அனுப்பி, பல வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இந்த முறை பரம்பரை நோய்களுக்கான வைத்தியர், ஒரு பெண். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அபிராமியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். எங்கள் உடம்பில் கலங்கள், அதாவது செல்கள், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சுவர் உண்டு. அடுத்த கலத்தோடு கதைப்பதற்காகச் சுவரில் மிகச் சிறிய குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாயைக் கட்டுகிற புரதத்தின் பெயர் கொனெக்சின். ஆறு கொனெக்சின் வட்டமாகக் கூடினால் அரைக்குழாய். பக்கத்துக் கலத்தின் அரைக்குழாய் அதோடு வந்து பொருந்தினால் முழுக்குழாய். அதற்குள்ளால் உப்பும் சின்னச் செய்திகளும் போய்வரும். இதயத்தின் கலங்கள் ஒன்றுசேர்ந்து துடிப்பது ஒரு வகைக் கொனெக்சினால். உள்காதில் இன்னொரு வகை. அது பழுதானால் பிள்ளை காது கேளாமல் பிறக்கும். கண்வில்லையில் இருப்பது பழுதானால் சின்ன வயதிலேயே கண்புரை. எடையை வைத்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிழைத்துப்போனது முப்பத்திரண்டாம் நம்பர்.

நரம்பைச் சுற்றி ஒருவகைக் கலம், பாயைச் சுருட்டியது போலப் பல சுற்றுச் சுற்றியிருக்குமாம். வெளிச்சுற்றிலிருந்து உள்சுற்றுக்குச் சாமான் போவதென்றால் முழுச் சுருளையும் சுற்றவேண்டும். முப்பத்திரண்டாம் நம்பர் சுற்றுகளுக்குக் குறுக்கே வழி வெட்டிக் கொடுக்கிறது. அதாவது இது பக்கத்துவீட்டோடு கதைப்பதற்கல்ல; தன் வீட்டுக்குள்ளேயே கதைப்பதற்கு. எனக்கு அந்தக் குறுக்குவழி அடைபட்டுக் கிடக்கிறது. சுற்று மெலிய மெலிய நரம்பும் வாடுகிறது. உடம்பில் மிக நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது. ஆகவே பாதம்தான் முதலில் தொங்குகிறது.

மருந்து இல்லை என்றார். பயிற்சி இருக்கிறது, காலுக்குத் தாங்கி இருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. என் பெற்றோர் மச்சான் மச்சாளாக இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். முன்னைய வைத்தியர் எவ்வளவு ஆசையாக எழுதினார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் நிறமூர்த்தத்துக்கு, அதாவது குரோமோசோமுக்கு, வந்தார். இந்தப் பிழை எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. ஆண்களுக்குக் கடுமையாக வரும். பெண்களுக்குப் பெரும்பாலும் இலேசாக, சிலருக்குத் தெரியவே தெரியாது. என் மகனுக்கு நான் எக்ஸ் கொடுக்கவில்லை, அவன் தப்பினான். மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் 'இருக்கலாம்' என்ற பேச்சே இல்லை.

அபிராமி இதை வரிவரியாக எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியை மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அது ஜேர்மன் மொழியிலேயே விளங்கிவிட்டது.

4

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். தமிழில் கேட்டால் நாடகம் போல இருக்கும். ஜேர்மன் மொழியில் கேட்டால் யாரையோ தெரியாமல் இடித்துவிட்டது போல இருக்கும்.

"பிள்ளை, என்னாலதான்..." என்று தொடங்கினேன்.

"அப்பா, உங்கட மூக்கும் எனக்கு வந்திருக்கு. அதுக்கு நீங்க ஒருநாளும் சொறி சொல்லேல்லையே."

அந்த மூக்கால் அவள் பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபட்டாள் என்பது எனக்குத் தெரியும். கரப்பந்து விளையாடும்போது கணுக்கால் அடிக்கடி மடிவதாகவும், அதற்குச் சப்பாத்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்ததாகவும் சிறிது தூரம் போனபிறகு சொன்னாள். நரம்பைச் சோதிப்பதா, எப்போது சோதிப்பது என்பதைத் தானே தீர்மானிப்பாளாம். அம்மாவும் நானும் தினமும் கேட்கக்கூடாதாம். சுகந்தி அன்று இரவுச் சாப்பாட்டிலேயே இரண்டு தரம் கேட்டாள்.

5

அக்காவுக்குச் சொல்லவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அம்மாவிடமிருந்து அக்காவுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்காவுக்கு வந்திருந்தால் அவருடைய ஒரே மகள் தர்சிகாவுக்கு மறுபடி பாதிக்குப் பாதி.

நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றால் நேரம் சரியில்லை. தர்சிகா கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அதே வீதியில் உழவு இயந்திரம் திருத்தும் குமாரைக் காதலிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டாள். குமாரின் ஆட்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இரணைமடுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவன் பிறந்ததும் வளர்ந்ததும் வன்னியில். ஆனால் அக்காவுக்கு அவன் இன்னும் தோட்டத்துப் பெடியன். நாங்களும் எங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள்தான்; குளத்துத் தண்ணீரும் காணியும் தருகிறார்கள் என்று யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவைப் பெற்ற அப்பு வண்டி கட்டி வந்தார். வண்டியில் வந்தவர்களுக்கும் லொறியில் வந்தவர்களுக்கும் அக்காவின் கணக்கில் பெரிய வித்தியாசம்.

நான் அழைத்த அன்று அக்கா அந்தக் கதையில்தான் நின்றார்.

"எங்கட வழி என்ன, அவையின்ர வழி என்ன? நாளைக்குப் பிறக்கிற பிள்ளையளுக்கு ஒரு நல்ல இரத்தம் வேண்டாமோ, தம்பி?"

இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று விடயத்தைச் சொன்னேன். பெரிய மாமாவின் நடை, என் நடை, அம்மா வழி, முப்பத்திரண்டாம் நம்பர் எல்லாம் சொன்னேன். கடைசியாக, தர்சிகாவுக்கும் போயிருக்கலாம் என்றேன்.

"உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத" என்றார் அக்கா. தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை, வெளிநாட்டு டொக்டர்மாருக்கு ஆளைப் பிடித்து வருத்தம் கண்டுபிடிப்பதுதான் வேலை என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நாளில் அவரே அழைப்பு எடுத்தார். குரல் பனம்பாணி போல இனித்தது.

"தம்பி, அண்டைக்கு நீ சொன்னதை அந்தப் பெடியன்ர தாய்க்கு ஒருக்கால் எடுத்துச் சொல்லன். வெளிநாட்டு டொக்டர் சொன்னது எண்டு சொல்லு. கொஞ்சம் கூட்டியும் சொல்லலாம்."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. நல்ல இரத்தத்தைக் காப்பாற்ற, அதைக் கெட்ட இரத்தம் என்று விளம்பரம் செய்ய அக்கா தயாராகிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் தாங்களே பயந்து விலகினால் தர்சிகா தாயைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் அதை ஊரெல்லாம் சொன்னால் பிறகு யார் வருவார்கள் என்று கேட்டேன். அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

மாட்டேன் என்றேன். தாயும் மாமனும் அவளுடைய காலை வைத்து விளையாட, காலின் சொந்தக்காரிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் அவளுடைய மதிய இடைவேளையில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருந்துக்கடைக்காரி போலவே கேட்டாள். எத்தனை வயதில் தொடங்கும், நாள்முழுக்க நின்று வேலை செய்யலாமா, பிள்ளைகளுக்கு எப்படி. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். பேசிக்கொண்டே கடைக்கு வெளியே வந்துவிட்டாள் போலிருந்தது. பஸ்ஸின் ஹோர்ன் சத்தமும், அவள் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன.

"மாமா, நான் அழுதனான் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவா அதையே சாட்டாப் பிடிச்சிடுவா."

குமாருக்கு அன்று பின்னேரமே சொல்லிவிட்டாள். அவன் யோசித்துவிட்டு, காலால் கியர் மாற்றக் கஷ்டமென்றால் கியர் இல்லாத ஸ்கூட்டி ஒன்று பார்க்கலாம் என்றானாம். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமாரின் தாயார் முத்துலெட்சுமி மகனோடு அக்கராயனுக்கு வந்தார். தாய்மாமனும் இருக்கவேண்டும் என்பதால் தர்சிகா என்னை வீடியோ அழைப்பில் எடுத்து, தொலைபேசியைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்தாள். எனக்குத் தெரிந்தது ஒரு தட்டு வடை, அக்காவின் தோள், முத்துலெட்சுமியின் முகம்.

அக்கா நான் மறுத்த வேலையைத் தானே செய்தார். உள்ளதை மறைத்துப் பிறகு பேச்சு வாங்கக்கூடாது என்பதால் சொல்வதாகவும், தங்கள் குடும்பத்தில் கால் வழங்காமல் போகும் ஒரு வருத்தம் இருப்பதாகவும், தர்சிகா நடக்கமுடியாமலே போகலாம் என்றும், இதைக் கேட்டு நீங்கள் வேண்டாமென்றால் தாங்கள் ஒரு குறையும் நினைக்கமாட்டோம் என்றும் சேலைத் தலைப்பைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சொன்னார். வைத்தியர் சொன்னதைவிட இரண்டு மடங்கு கூட்டியிருந்தார்.

முத்துலெட்சுமி வடையைத் தட்டில் வைத்தார்.

"மகன் எல்லாஞ் சொன்னான். எங்க மாமியாருக்குச் சக்கரையில கால எடுத்தாங்க. என் கொழுந்தனுக்கு அப்பப்ப மண்ட கொழம்பும், கிணத்துக்கிட்ட விடமாட்டோம். அதையும் கேட்டுக்குங்க" என்றார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தார். "ஆனா ஒண்ணு. நேத்து வரைக்கும் எங்கள வேணாம்னீங்க. இன்னிக்கு நாங்களே வேணாம்னு சொல்லிட்டுப் போகணும்னு பாக்குறீங்க. அந்தச் சந்தோசத்த மட்டும் நான் உங்களுக்குத் தரமாட்டேன்."

அக்காவின் தோள் அசையவில்லை. அத்தான், அக்காவின் புருசன், ஒருநாளும் வாய் திறக்காத மனிதர். எங்கிருந்தோ அவருடைய குரல் வந்தது. ஆவணியில் நாள் பார்க்கலாமா என்று கேட்டது. யாரோ சிரித்தார்கள். அந்த நேரத்தில் தொலைபேசி சரிந்து விழ, மிச்சத்தை நான் கூரையைப் பார்த்தபடிதான் கேட்டேன்.

தர்சிகா கல்யாணத்துக்கு முன் சோதிக்கவில்லை. பிள்ளை பெறுவதற்கு முன் கொழும்புக்குப் போய்ச் சோதிப்போம் என்று அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள்.

7

கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். அபிராமிக்குப் பரீட்சை. இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே தாங்கி போட்டிருந்தேன். வீட்டுக்குள் சப்பாத்துப் போடமாட்டோம் என்பதைக் காப்புறுதிக்காரருக்கு விளங்கப்படுத்த மூன்று தரம் அலைந்து, அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டி வாங்கியவை. விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் தாங்கியைப் பார்த்தார், கடவுச்சீட்டில் பிறந்த இடம் கிளிநொச்சி என்றிருப்பதைப் பார்த்தார், தானே ஒரு முடிவுக்கு வந்து, எப்போது காயம்பட்டது என்று மெதுவாகக் கேட்டார். பிறக்கும்போது என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

கல்யாணம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில். வாசலிலிருந்து மணவறை வரை பளபளவென்று மாபிள் பதித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குச் சற்று முன் அக்கா என் கையைப் பிடித்து ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பி, உதைக் கழட்டு."

"எதை?"

"காலில போட்டிருக்கிறதை. அந்த மாபிளில என்னால வெறுங்காலோட நடக்க ஏலாது. சபைக்கு நடுவில விழுந்துபோவன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கதவின் கொண்டியைப் பார்த்தார். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். தர்சிகா பிறந்த பிறகு தொடங்கியது என்றார். பிள்ளைப்பேற்றின் பலவீனம் என்று நினைத்தாராம். பிறகு முழங்கால் நோ என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். கோயிலில் தேரின் பின்னால் நடப்பதையே விட்டுவிட்டார். அத்தானுக்குக்கூடத் தெரியாது.

"நான் சொன்ன அண்டைக்கு ஏனக்கா சொல்லேல்லை?"

"வாய் வரைக்கும் வந்ததடா. அதுக்குள்ள நீ பிள்ளைக்கும் போகும் எண்டு சொல்லிப்போட்டாய்."

நிலத்தில் குந்தி இரண்டு தாங்கிகளையும் கழற்றினேன். கூறைக்கடையில் எடுத்த அந்தக் கனத்த சேலையை அவர் முழங்கால்வரை தூக்கிப் பிடிக்க, நான் போட்டுவிட்டேன். அவருக்குத் தொளதொளத்தது, காலுறை இரண்டு சோடி போட்டு இறுக்கினோம். எழுந்து அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். பாதம் நிலத்தில் அடிக்கும் சத்தம் வரவில்லை. திரும்பவும் நடந்தார். இன்னும் ஒருமுறை, எதையும் பிடிக்காமல்.

"எனக்கும் ஒரு சோடி எடுப்பி. வெள்ளை வேண்டாம், ஊத்தை தெரியும்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து போய்விட்டார்.

கழற்றித் தரவேயில்லை. நான் பிடித்துப் பிடித்துப் போய் முன்வரிசையில் ஒரு கதிரையில் இருந்தேன். அக்கா வாசலுக்கும் மணவறைக்கும் ஓயாமல் நடந்தார். முத்துலெட்சுமியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தது அவர்தான். மாப்பிள்ளை வந்தபோது சபையே எழுந்தது. தாலி கட்டும்போதும் எழுந்தது. தாய்மாமன் நான் எழவில்லை.

"வெளிநாட்டுக்காரருக்கு எழும்பி நிக்கவும் பஞ்சி, சோம்பேறியள்" என்று பின்வரிசையில் ஒரு பெரியம்மா, எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார்.

நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.